நூறு கூட்டில் எத்தனை தேறும்?

மரப்பலகையின் மேல் நூறு பித்தளைத் தோட்டாக் கூடுகள் வாய் மேலே பார்க்க வரிசை கட்டி நிற்கின்றன. எல்லாம் புத்தம் புதியவை. நீல நிறப் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து சற்று முன்புதான் வெளியே வந்தவை. என் கண்ணுக்கு நூறும் ஒன்றுதான். பக்கத்தில் நிற்கும் நண்பர் ஒவ்வொன்றாக எடுத்து, விரல் நுனியில் உருட்டி, வாய்க்குள் எட்டிப் பார்த்து, இடமும் வலமுமாகப் பிரித்து வைக்கிறார். இடப்பக்கம் போனவை போட்டிக்கு. வலப்பக்கம் போனவை பழகுவதற்கு. அவர் கருவிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஆங்கிலேயர். அவசரம் என்பதே அவர் கையில் இல்லை.

இடம், இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் பிஸ்லி சுடுதளத்துக்கு அருகே ஒரு வீட்டின் கொல்லைப்புறக் கொட்டகை. லண்டன் வாட்டர்லூவில் ரயில் ஏறிப் புரூக்வுட் நிலையத்தில் இறங்கினால் பக்கம். பிரிட்டனின் தேசியத் துப்பாக்கிச் சங்கம் தொடங்கியது 1859-ல். மறு ஆண்டு விம்பிள்டன் திடலில் நடந்த முதல் போட்டியை விக்டோரியா மகாராணி ஒரு கயிற்றை இழுத்து, தாங்கியில் பொருத்திய துப்பாக்கியைச் சுட்டுத் தொடங்கிவைத்தார். லண்டன் வளர்ந்து விம்பிள்டனை நெருக்கியதும் 1890-ல் மொத்தக் கூட்டமும் பிஸ்லிக்குக் குடிபெயர்ந்தது. 1908 ஒலிம்பிக்கின் துப்பாக்கிப் போட்டிகளில் பெரும்பாலானவை இங்கே நடந்தன. 2002 மான்செஸ்டர் காமன்வெல்த் விளையாட்டின் துப்பாக்கிப் போட்டிகளும் இங்கேதான். இந்திய வீராங்கனை அஞ்சலி பாகவத் 4 தங்கம் வாங்கியது இந்த மண்ணில்.

ஆனால் அவர் ஆடிய ஆட்டத்தில் கூடு பொறுக்கும் வேலை கிடையாது. காற்றுத் துப்பாக்கிக்குக் கூடே இல்லை. .22 ரிம்ஃபயர் தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து கூட்டின் விளிம்புக்குள்ளேயே அடைபட்டிருப்பதால் ஒருமுறை சுட்டதும் அதன் ஆயுள் முடிந்தது. நண்பர் ஆடுவது எஃப்-கிளாஸ் என்கிற நெடுந்தூரப் போட்டி. படுத்துக்கொண்டு, தொலைநோக்கி பொருத்திய துப்பாக்கியைத் தாங்கியில் வைத்து, 1,000 கஜத்துக்கு அப்பால் இருக்கும் அட்டையைச் சுட வேண்டும். மையத்தின் உள்வட்டம் சுமார் 5 அங்குலம். அவர் துப்பாக்கி .308 வின்செஸ்டர் வகை. 1952-லிருந்து புழக்கத்தில் இருக்கும் தோட்டா அது.

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள்: கூடு, பிரைமர், மருந்து, குண்டு. பிரைமர் வெடிக்கிறது, மருந்து எரிகிறது, குண்டு பறக்கிறது. திரும்பி நம் கைக்கு வருவது கூடு மட்டும். அதைச் சுத்தம் செய்து, அளவுக்குக் கொண்டுவந்து, மற்ற மூன்றையும் புதிதாகப் போட்டால் மறுபடி தோட்டா. இதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். செலவு மிச்சம் என்று சொல்லி எல்லாரும் தொடங்குகிறார்கள். இந்தக் கொட்டகையில் கிடக்கும் கருவிகளின் விலையைக் கேட்டபின் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. உண்மையான காரணம், கடையில் கிடைக்காத ஒன்று இதில் கிடைக்கிறது: தன் துப்பாக்கிக்கென்றே, ஒன்றுபோல் ஒன்றாகச் செய்த தோட்டா.

கூட்டின் உலோகம் செம்பு 70, துத்தநாகம் 30 என்ற விகிதத்தில் கலந்த பித்தளை. சுடும் நொடியில், துப்பாக்கியில் தோட்டா உட்காரும் சேம்பருக்குள் எழும் அழுத்தம் .308-க்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட உச்சமாக 4,150 பார். அதாவது நாம் மூச்சுவிடும் காற்றழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்குக்கு மேல். அப்போது கூடு உப்பிச் சேம்பர் சுவரோடு ஒட்டி, வாயு பின்னால் கசியாமல் அடைக்க வேண்டும். அடுத்த கணமே இம்மி சுருங்கி, கையால் இழுத்தால் வெளியே வர வேண்டும். உப்பவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும், கிழியவும் கூடாது. இதற்குப் பித்தளையை மிஞ்ச இன்னொன்று எளிதில் வாய்க்கவில்லை.

நண்பர் முதலில் கையில் எடுத்துக் கொடுத்தது கூட்டின் அடிப்பகுதி. அங்கே செய்தவரின் பெயரும் தோட்டாவின் அளவும் பொறித்திருக்கும். வட்டத்துக்குள் சிலுவை இருந்தால் அது நேட்டோ படைகளுக்குச் செய்தது. ராணுவக் கூடுகள் மலிவாகக் கிடைக்கும். பொதுவாகக் கொஞ்சம் கனம். கனம் என்றால் உள்ளே இடம் குறைவு. அதே மருந்தைப் போட்டால் அழுத்தம் கூடும். அதனால் வேறு வேறு பெயர் பொறித்த கூடுகளை ஒரே பெட்டியில் கலப்பது இந்த வேலையில் முதல் குற்றம். சுடுதளத் தரையில் கிடப்பதைப் பொறுக்கி வருவதையும் அவர் விரும்புவதில்லை. எந்தத் துப்பாக்கியில் எத்தனை முறை சுட்டது, யார் எவ்வளவு அடைத்தது என்ற பூர்வீகம் தெரியாத கூடு அது.

அடுத்து உள்ளே எட்டிப் பார்க்கச் சொன்னார். அடியில் நடுவே ஒரே ஒரு துளை. இது பாக்ஸர் முறை. இரண்டு சிறு துளைகள் தெரிந்தால் பெர்டன் முறை. அதில் சுட்டுத் தீர்ந்த பிரைமரை வெளியே தள்ளுவது பெரும்பாடு, ஒதுக்கிவிடலாம். பாக்ஸர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்கர். ஆனால் பாக்ஸரின் முறையை அமெரிக்கா சுவீகரித்துக்கொண்டது, பெர்டனின் முறை ஐரோப்பாவில் வேரூன்றியது. கண்டுபிடித்தவரை அவரவர் ஊர் மதிக்காத கதை இங்கேயும் உண்டு.

பிரைமர் உட்காரும் குழியிலும் இரண்டு அளவு. பெரியது 0.210 அங்குலம், சிறியது 0.175. .308-க்கு வழக்கம் பெரியது. ஆனால் நெடுந்தூரப் போட்டிக்காரர்கள் சிலர் சிறிய குழி வைத்துச் செய்த கூட்டைத் தேடி வாங்குகிறார்கள். குழி சிறியதானால் அதைச் சுற்றி நிற்கும் பித்தளை அதிகம். பலமுறை சுட்டாலும் குழி தளராமல் தாங்கும். நண்பரின் நூறும் அந்த வகைதான். பின்லாந்தின் லாப்புவா தயாரிப்பு. ஒரு கூட்டின் விலை ஒரு பவுண்டைத் தாண்டுகிறது. லாப்புவா என்பது ஊரின் பெயரும்கூட. நிறுவனம் அங்கே 1923-ல் அரசுத் தோட்டா ஆலையாகத் தொடங்கியது. 1976 ஏப்ரல் 13 அன்று அதே ஆலையில் நடந்த வெடிவிபத்தில் 40 பேர் இறந்தார்கள். விளையாட்டுப் பொருள்போல் பளபளக்கும் இந்தப் பெட்டியைத் திறக்கும்போது அதையும் நினைக்கத்தான் வேண்டியிருக்கிறது.

பளபளப்பு என்றேன், ஆனால் கழுத்தும் தோளும் பளபளப்பாக இல்லை. நீலமும் பழுப்புமாகத் தீயில் வாட்டிய கறை. பழைய சரக்கோ என்று சந்தேகப்பட்டேன். அதுதான் நல்ல அடையாளம் என்றார். பித்தளையைக் கிண்ணமாக அடித்து, இழுத்து இழுத்துக் குழலாக்கி, கடைசியில் வாயைச் சுருக்கிக் கழுத்து எடுக்கும்போது உலோகம் விறைத்துப்போகும். அந்த விறைப்பைப் போக்கக் கழுத்தை மட்டும் சூடுகாட்டி இளக்குகிறார்கள். பல ஆலைகள் கறையைத் தேய்த்துப் பளிச்சென்று விற்கின்றன; சிலர் அப்படியே விடுகிறார்கள். கறை இல்லாததால் கூடு மட்டம் என்று பொருளில்லை, கறை இருப்பதால் அழுக்கு என்றும் பொருளில்லை.

அன்று பெரும்பகுதி நேரம் போனது கழுத்தில்தான். உருண்டை முனை வைத்த திருகு அளவியைக் கூட்டின் வாய்க்குள் விட்டு, கழுத்துச் சுவரின் தடிமனைச் சுற்றிலும் நாலு இடத்தில் அளக்கிறார். தடிமன் 15 தௌ அளவில் இருக்கும். இவர்கள் பாஷையில் தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் ஒரு தௌவுக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தக் கூடு வலப்பக்கம் போகிறது. சுவர் ஒரு பக்கம் தடித்திருந்தால் குண்டு நடு அச்சில் உட்காராது. சற்றே கோணலாகக் குழலுக்குள் நுழையும். தவிர, கழுத்தின் பிடி எல்லாக் கூட்டிலும் ஒன்றாக இல்லாவிட்டால் குண்டு கிளம்பும் வேகமும் ஒன்றாக இராது. வினாடிக்கு 10 அடி வேகம் கூடினாலோ குறைந்தாலோ 1,000 கஜத்தில் குண்டு இரண்டு மூன்று அங்குலம் ஏறி இறங்கும். உள்வட்டமே 5 அங்குலம் என்பதை மறக்கக்கூடாது.

உள்துளையையும் விளக்கடியில் பார்த்தார். சில ஆலைகள் துளையை அச்சால் குத்தி எடுக்கின்றன. உள்பக்கம் பிசிறு நிற்கும். பிசிறு பற்றும் தீயைத் திசைதிருப்பும் என்பது கணக்கு. இவருடைய கூடுகளில் பிசிறு இல்லை, ஆகவே நகர்ந்துவிட்டோம்.

எடை பார்ப்பதில்தான் எங்களுக்குள் வழக்கு. தராசில் ஒவ்வொரு கூட்டையும் வைத்து, கிரெய்ன் கணக்கில் குறித்து, ஒத்த எடைகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரிக்கிறார். ஒரு கிரெய்ன் என்பது சுமார் 65 மில்லிகிராம். எடை கூடினால் உள்கொள்ளளவு குறையும் என்பது நியாயம். ஆனால் பித்தளை தண்ணீரைப்போல எட்டரை மடங்கு அடர்த்தி. எட்டரை கிரெய்ன் பித்தளை கூடினால்தான் உள்ளே ஒரு கிரெய்ன் தண்ணீருக்கான இடம் குறையும். அந்தக் கூடுதல் பித்தளையும் பெரும்பாலும் அடி விளிம்பிலோ பள்ளத்திலோ, அதாவது கொள்ளளவுக்குச் சம்பந்தமில்லாத வெளிப்பக்கத்தில் இருக்கலாம். உண்மையில் கொள்ளளவு வேண்டுமென்றால் சுட்ட கூட்டில் தண்ணீர் ஊற்றி அளக்க வேண்டும்; அது பொறுமைக்குச் சோதனை. ஒரே ஆலையின், ஒரே தொகுதியின் நல்ல கூடுகளை மறுபடி எடைபோடுவது பாதிக்குமேல் சடங்கு என்றே எனக்குப் படுகிறது. நண்பர் மறுக்கவில்லை. சிரித்துக்கொண்டே அடுத்ததைத் தராசில் வைத்தார். கண்ணில் தெரிகிற அளவுக்கு விலகி நிற்கும் ஒன்றிரண்டைப் பிடித்துக் கழிப்பதற்கு அது உதவும் என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்கிறேன்.

பிற்பகலில் சுடுதளம் போனோம். பிஸ்லியில் செஞ்சுரி என்ற தளம் அகலத்துக்குப் பேர்போனது: 108 இலக்குகள், 600 கஜம் வரை. நாங்கள் போனது ஸ்டிக்கிள்டவுன்; 1,200 கஜம் வரை நீளும் சரிவு. அங்கே நின்று பார்த்தால் இலக்குகள் வெள்ளைப் பொட்டுகள். இடையில் கொடிகள், ஒன்று இடப்பக்கம் படபடக்க இன்னொன்று தொங்கிக் கிடக்கிறது. நண்பர் படுத்தார். ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் இலக்கு கீழே இறங்கி, பட்ட இடத்தில் வட்டத்தகடு செருகப்பட்டு மேலே வரும். உயரத்தில் அவர் குண்டுகள் ஒரு கோட்டை ஒட்டியே விழுந்தன. இடவலத்தில்தான் அலைந்தன. உயரத்தைக் காப்பாற்றுவது கொட்டகையில் செய்த வேலை. இடவலத்தைக் காப்பாற்றுவது காற்றைப் படிக்கும் கண். அதற்குக் கடையில் கூடு விற்பதில்லை.

அவர் துப்பாக்கியைத் திறந்து வெளியே எடுத்த கூடுகளைத் தரையில் விழவிடாமல் பெட்டியில் எடுத்த வரிசைப்படியே வைத்தார். பெட்டியின் மூடியில் இதுவரை எத்தனை முறை சுட்டது என்று கோடு போட்டிருக்கிறது. உண்மையான தேர்வு இனிமேல்தான் தொடங்குகிறது என்றார். ஒருமுறை சுட்டதும் கூடு அந்தத் துப்பாக்கியின் சேம்பருக்கே உரிய வடிவை எடுத்துவிடும். பிறகு அதன் தோளை ஒன்றிரண்டு தௌ மட்டும் பின்தள்ளினால் போதும். பேராசைப்பட்டு அதிகம் தள்ளினால் அடுத்த வெடியில் கூடு நீளவாட்டில் இழுபடும். அடிக்குச் சற்று மேலே சுவர் மெலியும். வெளியே மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரிந்தால் எச்சரிக்கை. நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டு வருடினால் பள்ளம் கையில் தட்டும். தட்டினால் இடுக்கியால் நசுக்கிக் குப்பையில் போடுவதுதான் முறை. நசுக்குவது எதற்கென்றால், வேறொருவர் நல்லதென்று எடுத்துவிடக் கூடாது. பிரைமரைக் கைக்கருவியால் அழுத்தும்போது எதிர்ப்பே இல்லாமல் உள்ளே போனாலும் அந்தக் கூட்டுக்கு விடை கொடுத்துவிடுகிறார். கழுத்து விறைத்தவற்றுக்கு மறுபடி சூடு. கழுத்துக்கு மட்டும்; அடிப்பகுதி சூடேறி இளகினால் அந்தக் கூடு அழுத்தத்தைத் தாங்காது, சுடுபவரின் முகத்துக்கே ஆபத்து.

கழுவுவதற்கு எலுமிச்சைப் புளிப்பான சிட்ரிக் அமிலத்தைத் தண்ணீரில் கரைத்து ஊறவைக்கிறார். நம் வீடுகளில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குவதும் இதே வேதியியல்தான். ஆனால் அம்மோனியா கலந்த உலோகப் பாலிஷ் பக்கம் போகவே கூடாது. இதைக் கற்றுக்கொடுத்தது இந்தியா. பிரிட்டிஷ் காலத்தில் அங்கே குதிரை லாயங்களில் அடுக்கிய தோட்டாக்கள் மழைக்காலத்தில் காரணம் தெரியாமல் வெடிப்பு விட்டன. சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் எழும் அம்மோனியா, ஈரம், விறைத்த பித்தளைக்குள் தங்கிய இழுவிசை மூன்றும் சேர்ந்த வேலை அது என்று 1921-ல் விளக்கம் கிடைத்தது. பருவகால வெடிப்பு என்ற பொருளில் அதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. கழுத்தைச் சூடுகாட்டி இளக்கும் பழக்கம் வெறும் துல்லியத்துக்கு மட்டும் வந்ததல்ல.

நூறில் எத்தனை தேறின என்று கேட்கலாம். வலப்பக்கம் ஒரு கைப்பிடி சேர்ந்தது, அவ்வளவுதான். விலை உயர்ந்த கூடு வாங்குவதன் பலன் அதுவே: தேர்ந்தெடுக்க வேண்டியது குறைவு. மலிவுப் பையில் வாங்கினால் கழிப்பதற்கு நேரம் கொடுக்க வேண்டும். முதல் பெட்டி வாங்குகிறவருக்கு என் சிபாரிசு, பெயரைத் துரத்துவதைவிட ஒரே தொகுதி எண் உள்ளதாக, தேவையான மொத்தத்தையும் ஒரே நாளில் வாங்குவது.

பிரிட்டனில் வெறும் பித்தளைக் கூடு வாங்க அனுமதிச் சீட்டு தேவையில்லை. 2006-ன் சட்டத்துக்குப் பின் பிரைமர் வாங்கத் துப்பாக்கிச் சான்றிதழ் காட்ட வேண்டும். இந்தியாவில் நிலைமை வேறு. 1959-ன் ஆயுதச் சட்டம் தோட்டாவின் பாகங்களையும் தோட்டா என்ற விளக்கத்துக்குள் அடக்குகிறது. தோட்டா செய்வதற்கு உரிமம் வேண்டும். சுடுதளம் பார்க்கப் போகிறவர்கள் தரையில் கிடக்கும் வெற்றுக் கூட்டை அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொண்டு சென்னை விமானம் ஏற வேண்டாம். அது நினைவுப் பொருள் என்று விமான நிலையக் காவலரிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரும்.