சுமையும் அழகும்

அரபு மொழியில் ‘ஜமல்’ என்றால் ஒட்டகம். ‘ஜமால்’ என்றால் அழகு. இரண்டுக்கும் வேரெழுத்துகள் ஒன்றே. மாணவர்க்கு இதனைச் சொல்லும்போதெல்லாம், சுமப்பதிலும் ஓர் அழகு உண்டென நாம் எண்ணுவதுண்டு. அமெரிக்கரின் பெருவாகனமான செவர்லே சபர்பனையும் இக்கண்கொண்டே நோக்குகிறோம்.

1935-இல் லாரியின் அடிச்சட்டத்தின்மீது எண்மர் அமர எஃகுக் கூடு அமைத்தனர். இருக்கைகளைக் கழற்றினால் சரக்கு ஏறும். 2021-ஆம் ஆண்டு வடிவமோ ஏறத்தாழ 5.7 மீட்டர் நீளம். அதில் பின்சக்கரங்களைத் தனித்தனியே தாங்கும் அமைப்பு வந்ததால் தளம் தாழ்ந்தது. மூன்றாம் வரிசையில் முழங்காலை மடக்கி அமர்ந்தோர்க்குக் கால்நீட்ட இடம் கிடைத்தது. பெரிய குடும்பத்திற்கு இது மெய்யான பயன். இப்பருமனை வீண் என்னோம்.

ஆனால் இவ்வகை வாகனங்களின் பானெட் உயர்ந்து நிற்பது எவருக்காக? அமெரிக்கக் காப்பீட்டாளரின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு நிலையம் 2023-இல் கூறியது: 30 அங்குலத்திற்கு மேற்படாத சரிந்த முகப்பைவிட, 40 அங்குலத்தைக் கடந்த முகப்பு மோதினால் நடந்துசெல்வோர் உயிரிழக்கும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம். அதன் பின்னே அமர்ந்தவர் கண்ணுக்கு, முன்னால் நிற்கும் சிறுபிள்ளை தென்படாமலும் போகலாம்.

உள்ளிருப்போரைச் சுமக்கும் பருமன் அழகு; வெளியே நடப்போரை அச்சுறுத்தும் உயரம் ஆடம்பரம். வாங்க விழைவோர் விலை கேட்குமுன், நின்ற வண்டியின் முன்னே தம் குழந்தையை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலிருந்து ஒருமுறை பார்க்கட்டும்.