மூச்சிலிருந்து பிறந்த ஆடல்

தட்டிக்கும்பிடப் பழகிய ஏழாம் வயது முதல் நான் கேட்டு வளர்ந்த கட்டளை ஒன்றுண்டு: "முதுகை நிமிர்த்து பிள்ளை." தட்டடவு தொடக்கம் தில்லானா வரை அதற்குக் கீழ்ப்படிந்தே ஆடினேன். தந்தையார் மறைந்த ஆண்டின் கலைவிழாவில், கீர்த்தனை ஒன்றிற்கு அவலச் சுவையை அபிநயிக்க நேர்ந்தது. முத்திரை பிழைக்கவில்லை, தாளமும் தவறவில்லை. அவையோர் பாராட்டினர். எனினும் என் துயரத்தின் ஒரு துளியேனும் அவ்வாடலில் இருக்கவில்லை என்பதை நான் அறிவேன்.

அதன் பின்னரே அமெரிக்க நடனக் கலைஞர் மார்தா கிரஹாமின் (1894–1991) 'புலம்பல்' என்னும் ஆடலைப் பழைய திரைப்படப் பதிவொன்றிற் கண்டேன். 1930இல் நியூயோர்க்கில் முதன்முதல் மேடையேறிய அது ஏறக்குறைய நான்கு நிமிடமே நீள்வது. ஆடுபவர் ஓர் இருக்கையில் அமர்ந்திருக்கிறார். குழாய்போல் தைத்த, இழுபடும் துணி உடலை மூடியிருக்கிறது. முகமும் கைகளும் பாதங்களுமே வெளித்தெரிகின்றன. உள்ளே உடல் முறுகுந்தோறும் துணி விறைக்கிறது. அழுகையே உருவெடுத்து அமர்ந்திருப்பதாகத் தோன்றிற்று. எங்கள் மரணவீடுகளில் ஒப்பாரி சொல்லும் பெண்கள் அடிவயிற்றைப் பற்றிக் குனிவது என் நினைவுக்கு வந்தது.

கிரஹாமின் நுட்பம் மூச்சிலிருந்து தொடங்குகிறது. மூச்சு வெளியேறுகையில் அடிவயிறு உட்குழிந்து முதுகு வளையும், அது சுருக்கம். மூச்சு உட்புகுகையில் முதுகு நிமிரும், அது விடுப்பு. பாலே நடனம் உடலின் பாரத்தை மறைத்து மேலெழ விழைந்தது. அவரோ நிலத்தில் இருந்தும் வீழ்ந்தும் எழுந்தும் அப்பாரத்தை வெளிப்படையாக ஏற்றார். 1926இல் தமது குழுவை நிறுவிய அவர், இந்நுட்பத்தை மாணவருடன் பயின்று பயின்றே வளர்த்தெடுத்தார். 1955–56 ஆசியப் பயணத்தில் அக்குழு இலங்கைக்கும் வந்தது. குழுவில் ஆடிய மேர்ஸ் கன்னிங்ஹாம், போல் டெயிலர் ஆகியோர் பின்னர் விலகித் தத்தம் வழிகளை வகுத்தனர். ஆசிரியரைப் பிரதிசெய்யாத மாணவரும் ஆசிரியரின் பேறே எனலாம்.

ஆயினும் கற்பித்தவருக்கே விட்டுக்கொடுத்தல் எளிதாயிருக்கவில்லை. தமது உடலுக்கென அமைத்த பாத்திரங்களைப் பிறர் ஆடக் காண்பது அவருக்குப் பெருந்துன்பமாயிற்று. எழுபத்தைந்தை அண்மித்த வயதிலேயே ஆடுவதை நிறுத்தினார். அதனையடுத்து மதுவும் மனச்சோர்வும் நோயும் அவரை வீழ்த்தின. 1970களின் முற்பகுதியில் மீண்டெழுந்து, பழைய ஆடல்களை இளையோரிடம் ஒப்படைத்தார், புதியனவும் அமைத்தார். தொண்ணூற்றாறாம் வயதில் மறையும்வரை அப்பணி தொடர்ந்தது. வீழ்தலும் எழுதலும் ஆடலின் கூறுகளே என்று மாணவருக்குப் பயிற்றியவர், அப்பாடத்தை முதுமையில் தாமே கற்றார்.

அவருடைய அசைவுகளைப் பரதத்தில் ஒட்டவைக்கும் ஆசை எனக்கில்லை. அரைமண்டி எனக்கு அந்நியமாகிவிடவுமில்லை. சென்ற ஆண்டு அதே கீர்த்தனையை மீண்டும் ஆடினேன். தொடங்குமுன் மூச்சை முழுதாக வெளியே விட்டேன். ஓரிடத்தில் தாளம் சற்றே பிந்தியது. முன்வரிசையில் இருந்த அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார்.

விடுமுறையில் ஊருக்குச் செல்லுங்கால் அயற்சிறுமியர் சிலருக்கு அடவு சொல்லிக்கொடுக்கிறேன். "முதுகை நிமிர்த்து பிள்ளை" என்றே நானும் சொல்கிறேன். அதற்கு முன், "முதலில் மூச்சை விடு" என்கிறேன்.