வாதத்தில் வென்றவர் யார்?

வழக்கிலே தீர்ப்புரைக்க நீதிபதி உண்டு. மல்லரங்கிலே நடுவர் உண்டு. தேர்தற்கால வாதத்திலோ கேட்போர் ஒவ்வொருவரும் நடுவரே. எனினும், வாதம் முடிந்த மறுகணமே ‘வென்றவர் இன்னார்’ என்று பத்திரிகைகளும் டெலிவிஷனும் பறையறைந்து விடுகின்றன. இவ்வழக்கம் என் மனத்தை நெடுநாளாக உறுத்தி வருகின்றது. இதற்கு ஓர் உதாரணம் காட்டுவேன்.

1976ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள், அமெரிக்காவிலுள்ள ஸான் பிரான்ஸிஸ்கோ நகரில், ஜனாதிபதி ஜெரால்டு ஃபோர்டும் அவரை எதிர்த்து நின்ற ஜிம்மி கார்ட்டரும் அயல்நாட்டுக் கொள்கையைப் பற்றி 90 நிமிஷம் வாதித்தனர். கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லையென்று ஃபோர்டு அப்போது கூறினார். வினவிய பத்திரிகையாளர் வியப்புற்று மீண்டும் கேட்டபோதும், போலந்து மக்கள் தம்மை ஆதிக்கத்துக்கு உட்பட்டவராகக் கருதவில்லை என்றே விடையிறுத்தார். அன்றிரவே தொலைபேசியில் வினவப்பட்டோருள் ஃபோர்டு வென்றார் என்றவரே மிகுதி. மறுநாள் மாலை வினவப்பட்டோரோ, பெரும்பாலும் கார்ட்டரே வென்றார் என்றனர்.

இடையில் நிகழ்ந்தது யாது? ஒரு பகல் முழுதும் செய்தியாளர் அவ்வொரு வாக்கியத்தையே எடுத்தெடுத்துக் காட்டினர். வாதத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. கேட்டவர் தீர்ப்பே மாறிற்று.

செய்தியாளர் பொய்யுரைத்தாரல்லர். போலந்தில் அப்போது சோவியத் படைகள் இருந்தது மெய். பிழையைச் சுட்டுதல் அவர்தம் கடமை. ஆயினும் பிழையைச் சுட்டுவது வேறு. வெற்றியை அளிப்பது வேறு. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது ஓர் உலையில் ஒருங்கே வெந்த அரிசிக்குப் பொருந்தும். 90 நிமிஷப் பேச்சிலோ வெந்ததும் வேகாததும் விரவிக் கிடக்கும். எதை எடுப்பது, எதை விடுப்பது என்னும் தெரிவிலேயே பட்சபாதம் நுழைந்துவிடுகின்றது. ஒரு கட்சிக்கு உதவும் நோக்கம் சிறிதும் இன்றியும் அது நேரும். வியப்பூட்டும் தவறு தலைப்புச் செய்தியாகும். நிதானமான விடை அவ்வாறு ஆவதில்லை.

ஆதலின் நான் ஒரு பழக்கத்தைக் கைக்கொண்டுள்ளேன். வாதத்தைக் கேட்டு முடித்தவுடன், பிறர் கருத்து செவியில் விழுமுன், எவ்வினாவுக்கு எவர் நேராக விடையளித்தார், எவர் நழுவினார் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்வேன். மறுநாட் பத்திரிகையை அதனோடு ஒப்பிடுவேன். நான் காணாததொன்றைப் பத்திரிகை காட்டினால் நன்றியுடன் ஏற்பேன். நான் மதித்ததொன்றை அது விட்டிருந்தால், என் குறிப்பை அழிக்க மாட்டேன்.

மாணவ நண்பர்காள்! தேர்தல் நாளன்று நமது வாக்கைப் பிறர் அளிக்க நாம் இசைவதில்லை. அவ்வாக்குக்கு அடிப்படையான தீர்ப்பை மட்டும் பிறர் கையில் ஒப்படைக்கலாமோ?