எது வேகம்? மாமரத்தடியில் ஐபோன் 13உம் எஸ்22உம்

ஆறு செக்கன். எங்கள் குழுவின் பழைய போனில் கமராவைத் தொட்டால் படம் வர எடுத்த நேரம் அது. மற்ற நாட்களில் அதைப் பெரிதாக எடுத்ததில்லை. அந்த ஆறு செக்கனுக்குள் பகிடி விடுவோம், ஆளையாள் இடித்துக்கொண்டு நிற்போம், படம் வந்துவிடும்.

போன வருசம் பங்குனியில் பருத்தித்துறைப் பக்கம் ஒரு அம்மம்மாவிடம் போயிருந்தோம். 1964 மார்கழிப் புயலை நேரில் கண்டவ. இரண்டு தரம் போயும் வாய் திறக்கவில்லை. "அதெல்லாம் என்னத்துக்கு இப்ப, தேத்தண்ணியைக் குடியுங்கோ பிள்ளையள்" என்று அனுப்பிவிட்டா. மூன்றாந்தரம், திண்ணையில் இருந்து முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தவ, ஒருவரும் கேட்காமலே "ஐயா கடலுக்குப் போன அண்டைக்கு..." என்று தொடங்கினா. கமராவைத் தொட்டோம். கறுப்புத் திரை. ஒன்று, இரண்டு, ஆறு. பதிவு ஓடத் தொடங்கியது. ஒரு நிமிடம் 12 செக்கனில் இடம் போதாது என்று நின்றுவிட்டது. வட்ஸ்அப்பில் வந்து குவிந்திருந்த காலை வணக்க வீடியோக்களை அழித்து இடம் எடுப்பதற்குள் அம்மம்மா கதையை முடித்துச் சுளகோடு குசினிக்குள் போய்விட்டா. திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வெட்கமாக இருந்தது. "அடுத்த மாசம் வாறம் அம்மம்மா" என்றோம். போகவில்லை. சோதனை, வேலை என்று சாட்டுக்குக் குறைவில்லை. ஆவணியில் அவ மோசம் போயிட்டா.

எங்களிடம் இருப்பது அந்த ஒரு நிமிடம் 12 செக்கன். மிச்சக் கதை எங்கள் ஐந்து பேரின் தலைக்குள் ஐந்து விதமாகக் கிடக்கிறது. அவவின் ஐயா மூன்றாம் நாள் கரைக்கு வந்தாரா, நான்காம் நாளா என்பதில் இன்னும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை.

அதற்குப் பிறகுதான் புதுப் போன் என்ற கதை எழுந்தது. புதுசு என்றால் புதுசில்லை, இரண்டாம் கை. இரண்டு சாமத்தியவீட்டுக்கு வீடியோ எடுத்த காசு இருந்தது. போதாததற்கு எங்களில் ஒருத்தியின் அம்மா தன் சீட்டுக் காசைத் தந்தா. திருப்பித் தரவேண்டிய காசு. சந்தையில் எங்களுக்கு எட்டியது இரண்டு. ஒன்று தெரிந்த கடையில் இருந்த ஐபோன் 13. மற்றது வெளிநாடு போக இருந்த ஒரு அண்ணா விற்கப்போட்ட சாம்சுங் கலக்சி எஸ்22. முதலாவது 2021 செப்டெம்பரில் வந்தது, மற்றது 2022 பெப்ரவரியில். (13 ப்ரோதான் உச்ச மொடல் என்று சண்டைக்கு வருபவர்கள் வரலாம். 13க்குள்ளும் அதே ஏ15 சிப்தான், ஒரு கிராபிக்ஸ் கோர் மட்டும் குறைவு. எங்கள் காசுக்கு அதுவே உச்சம்.)

குழு உடனே இரண்டாகப் பிரிந்தது. ஐபோன் கட்சி, சாம்சுங் கட்சி. தேர்தல் காலத்தில்கூட நாங்கள் இப்படிப் பிரிந்ததில்லை. கடைசியில், வாயால் அடிபடாமல் போட்டி வைத்துப் பார்ப்போம் என்று முடிவானது. கடைக்கார அண்ணாவிடம் முற்பணமும் ஒருவனின் அடையாள அட்டையும் கொடுத்து ஐபோனை ஒரு நாளுக்கு வாங்கிவந்தோம்.

போட்டி என்றவுடன் எங்களுக்குத் தெரிந்தது யூடியூப்பில் பார்த்து வளர்ந்த போட்டிதான். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே செயலிகளை ஒரே வரிசையில் திறந்துகொண்டு போவார்கள். முடிந்ததும் இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் சிப்பும் சேமிப்பகமும் எவ்வளவு கெதி என்று தெரியும். இரண்டாம் சுற்றில், முதலில் திறந்ததை ரேமில் வைத்திருக்கிறதா, கைவிட்டுவிட்டதா என்று தெரியும். 2016 ஆகஸ்டில் வந்த அப்படியொரு வீடியோவில் 2 ஜிபி ரேம் உள்ள ஐபோன் 6எஸ், அப்போதுதான் வெளிவந்த, 4 ஜிபி ரேம் உள்ள கலக்சி நோட் 7ஐத் தோற்கடித்தது. ரியூசன் கொட்டிலுக்குப் பின்னால் ஒரே போனைச் சுற்றி நின்று அதைப் பார்த்த ஞாபகம் இருக்கிறது. ஒரு வருசப் பழைய போன், பாதி ரேம், எப்படி? அப்பிள் தன் சிப்பையும் இயங்குதளத்தையும் தானே வடிவமைக்கிறது. கணினிகளில் இருந்த என்விஎம்இ வகைச் சேமிப்பகத்தை 6எஸ்ஸுக்குள் கொண்டுவந்திருந்தது. ரேம் எண்ணிக்கையை மட்டும் வைத்து வேகம் சொல்ல ஏலாது என்று எங்கள் வயதுக்காரர் பலருக்கு முதன்முதலில் தெரியவந்தது அப்படித்தான். அடுத்த மாதமே பற்றரி தீப்பிடித்து நோட் 7ஐத் திருப்பி எடுக்கத் தொடங்கினார்கள். அது வேகத்தில் தோற்றதைப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை.

எங்கள் போட்டி நடந்தது மாமரத்துக்குக் கீழே, ஒரு பிளாஸ்டிக் மேசையில். இரண்டையும் நிறுத்தித் திரும்ப இயக்கினோம். ஒரே வைஃபை. வட்ஸ்அப், யூடியூப், வரைபடம், வங்கிச் செயலி, கேப்கட், இரண்டு கேம் என்று பன்னிரண்டு செயலிகள். முதல் சுற்றில் ஐபோன் இரண்டு செக்கனால் வென்றது. உடனே சாம்சுங் கட்சி எழும்பியது. "டேய், அது போன் இல்லை, உன்ரை விரல்." ஆளை மாற்றினோம். சாம்சுங் ஒரு செக்கனால் வென்றது. மூன்றாந்தரம் இரண்டையும் ஒருவனே செய்தான். சமம். பிற்காலத்தில் அந்த யூடியூப்காரர்கள் இயந்திரக் கை பூட்டிச் சோதித்தது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. எங்களிடம் இயந்திரக் கை இல்லை. இந்த விலைப் போன்களில் செயலி திறக்கிற வேகம் எங்கள் விரலின் பிழையை விடச் சின்னது. சண்டை பிடிக்க அதற்குள் இடமே இல்லை.

விசித்திரம் என்னவென்றால், சமம் என்று மணிக்கூடு சொன்ன பிறகும் ஐந்து பேரில் நான்கு பேருக்குச் சாம்சுங்தான் கெதியாகத் தெரிந்தது. ஐபோன் கட்சிக்காரன்கூட, "ஓம் மச்சான், இது வழுக்கிக்கொண்டு போகுது" என்றான். காரணம் திரை. எஸ்22இன் திரை செக்கனுக்கு 120 தடவை வரை புதுப்பிக்கும், ஐபோன் 13இன் திரை 60 தடவை. முன்னதில் ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் இடையில் எட்டு மில்லிசெக்கன் சொச்சம், பின்னதில் பதினாறு சொச்சம். வேலை முடியும் நேரம் ஒன்றுதான், ஆனால் விரலோடு திரை ஒட்டிக்கொண்டு வருகிறது. இன்னொரு விளையாட்டும் இருக்கிறது. ஆண்ட்ராய்டில் டெவலப்பர் அமைப்புகளைத் திறந்து, செயலி விரிகிற அசைவின் அளவைப் பாதியாக்கினால் போன் திடீரென்று புதுப் போன்போல நடந்துகொள்ளும். சிப்பில் ஒன்றும் மாறவில்லை, விரிகிற நேரம் பாதியானது அவ்வளவுதான். உங்கள் கையில் பழைய ஆண்ட்ராய்டு இருந்தால் இன்றைக்கே செய்து பாருங்கள். காசு செலவில்லை.

இரண்டாம் சுற்றில்தான் வித்தியாசம் கண்ணில்பட்டது. 8 ஜிபி ரேம் உள்ள எஸ்22 இரண்டு கேமையும் விட்ட இடத்திலேயே வைத்திருந்தது. 4 ஜிபி உள்ள ஐபோன் ஒரு கேமை முதலிலிருந்து திறந்தது, உலாவியில் விட்டிருந்த பக்கத்தையும் திரும்ப ஏற்றியது. கேம் போனால் போகட்டும். பக்கம் திரும்ப ஏறுவது வேறு கதை. எங்களில் ஒருத்தி ஒரு புலமைப்பரிசில் விண்ணப்பத்தைப் போனிலேயே நிரப்பிக்கொண்டிருந்தவள், சான்றிதழைத் தேட வட்ஸ்அப்புக்குப் போய்த் திரும்பினால் படிவம் வெறுமையாக இருந்தது. ஒரு மணித்தியால வேலை. அது வேறொரு மலிவுப் போனில் நடந்தது. ஆனால் அன்றைக்கு மேசையில் அந்தப் பக்கம் வெள்ளையாகித் திரும்ப ஏறியபோது அவளின் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். அவளின் வாக்கு அந்த நிமிடமே சாம்சுங்குக்குப் போய்விட்டது.

மத்தியானம் ஒரு மணிக்கு வெயிலுக்கு எடுத்துக்கொண்டு போனோம். எங்கள் வேலை ஏசி அறைக்குள் நடப்பதில்லை. இரண்டிலும் 4கேயில் இருபது நிமிடம் ஓடவிட்டு, பிறகு ஒரே வீடியோவைக் கேப்கட்டில் மூன்று தடவை ஏற்றுமதி செய்தோம். முதல் தடவை இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. மூன்றாந்தரம் சாம்சுங் நல்லாப் பின்தங்கிவிட்டது. பின்பக்கம் தோசைக்கல். ஐபோனும் சுட்டது, திரை வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டது, ஆனால் வேலையில் பெரிதாகத் தளரவில்லை. நாங்கள் சோதித்த எஸ்22க்குள் இருந்தது ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1. சாம்சுங்கின் ஆலையில் செய்யப்பட்டு, சூட்டுக்குப் பேர்போன சிப். ஏ15 தாய்வானின் டிஎஸ்எம்சியில் செய்தது. பிறகு குவால்கொம் அடுத்த பதிப்பான 8 பிளஸ் ஜென் 1ஐ டிஎஸ்எம்சிக்கே கொண்டுபோனது. அதிலிருந்தே கதை விளங்கும்.

வேகம் என்று கதைக்கும்போது இந்த இரண்டு கொம்பனிகளும் தனித்தனியாகச் செய்த ஒரு வேலையையும் சொல்லவேண்டும். போனை வாங்குகிற அன்றைக்கு இருக்கிற வேகம் எப்போதும் எங்களுடையது இல்லை. பற்றரி பழசானால் ஐபோன்களின் வேகத்தைத் தானாகக் குறைத்ததை அப்பிள் 2017 டிசம்பரில்தான் ஒத்துக்கொண்டது. மன்னிப்புக் கேட்டு, பற்றரி மாற்றும் விலையை 79 டொலரிலிருந்து 29க்கு இறக்கியது. சாம்சுங் 2022இல் மாட்டுப்பட்டது. கேம்களுக்கென்று வைத்திருந்த ஒரு மென்பொருள் ஆயிரக்கணக்கான செயலிகளின் வேகத்தைப் பிடித்துவைத்தது, வேகம் அளக்கிற செயலிகளை மட்டும் தொடவில்லை. கீக்பெஞ்ச் தன் பட்டியலிலிருந்து எஸ்10 முதல் எஸ்22 வரை தூக்கியது. நாங்கள் சோதித்த அதே எஸ்22. பிறகு வந்த அப்டேட்டில் அதை நிறுத்த வழி கொடுத்தார்கள், நாங்களும் முதலில் அதைத்தான் தேடிப் பார்த்தோம். சூடேறினால் வேகத்தைக் குறைப்பது பிழையில்லை, இல்லாவிட்டால் பற்றரி சாகும். சொல்லாமல் குறைத்ததுதான் எங்களுக்குப் பிடிக்கவில்லை.

பின்னேரம் பிளேன்ரீயோடு கேபிள் சோதனை. இதை யூடியூப்பில் ஒருவரும் செய்து காட்டிய ஞாபகம் இல்லை. எங்களுக்கோ இதுதான் தினமும் நடக்கிற வேலை. ஐபோனில் 4கே ஒரு நிமிடம் கிட்டத்தட்ட 170 எம்பி. ஒரு மணித்தியாலக் கதை என்றால் 10 ஜிபி. இரண்டு போனிலும் மெமரி கார்ட் போட இடமில்லை, ஒவ்வொரு நாளும் லப்டொப்புக்கு இறக்கத்தான் வேண்டும். ஐபோன் 13இன் லைட்னிங் துளை பழைய யுஎஸ்பி 2 வேகம்தான். எஸ்22இல் யுஎஸ்பி 3, சரியான கேபிள் இருந்தால் பல மடங்கு கெதி. சரியான கேபிள் எங்களிடம் ஒன்றுதான் இருந்தது, அதுவும் ஒரு ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. அதைப் போட்டதும் சாம்சுங் முடித்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐபோன் பாதியில் ஒருதரம் நின்று, திரும்பத் தொடங்கி, நாங்கள் இரண்டாவது ரோல்ஸ் சாப்பிடும் வரைக்கும் ஓடியது. இறங்கிய வீடியோவும் எங்கள் லப்டொப்பில் திறக்கவில்லை, ஹெச்இவிசி கோடெக் இல்லையாம்.

கடைசியாக, கமரா. உண்மையில் முதலில் செய்திருக்கவேண்டியது. ஒருவருக்கும் அதைத் தொடங்க மனமில்லை போல. பூட்டிய போனை மேசையில் வைத்து, ஒருத்தி "ஐயா கடலுக்குப் போன அண்டைக்கு" என்று சொல்லவேண்டும், சொன்ன கணத்தில் மற்றவன் போனை எடுத்துப் பதிவைத் தொடங்கவேண்டும். ஏன் அந்த வசனம் என்று கேட்காதீர்கள், வாயில் வந்தது அதுதான். சாம்சுங்கில் பக்கப் பொத்தானை இரண்டு தரம் அழுத்தினால் கமரா. ஐபோனில் பூட்டுத்திரையை இடப்பக்கம் தள்ளினால் கமரா. இரண்டிலும் அந்த வசனம் முடிவதற்குள் படம் வந்துவிட்டது. பத்துத் தரம் செய்தோம். பத்தாந்தரம் சொல்லும்போது அவளின் குரல் ஒரு மாதிரி வந்தது. நிப்பாட்டிவிட்டோம்.

எதை வாங்கினோம்? சாம்சுங். சூட்டையும், 3700 எம்ஏஹெச் பற்றரி பின்னேரத்துக்குள் மூச்சு வாங்குவதையும் தெரிந்துகொண்டே வாங்கினோம். வெயிலில் நீண்ட நேரம் படம்பிடிக்கிறவர் எங்களிடம் கேட்டால் ஐபோனையே எடுங்கள் என்போம். ஆனால் எஸ்22 முப்பத்தையாயிரம் ரூபா குறைவு. அந்தக் காசில் பாதி அந்த அம்மாவின் சீட்டுக்குத் திரும்பிப் போனது, மற்றப் பாதிக்குச் சட்டையில் குத்துகிற மைக்கும் ஒரு பவர் பேங்கும். ஐபோன் கட்சி இரண்டு நாள் கதைக்கவில்லை, மூன்றாம் நாள் அவனே போனுக்குக் கவர் வாங்கிக்கொண்டு வந்தான்.

போன கிழமை வல்வெட்டித்துறைப் பக்கம் இன்னொரு அம்மம்மாவிடம் போனோம். அவவும் புயலைக் கண்டவ, வயது எண்பதைத் தாண்டிவிட்டது. போகும் வழியிலேயே இடம் காலியா என்று இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தார்கள். படலையைத் திறக்கும்போதே போன் கையில். அவ கதிரையில் இருந்து, "உந்தப் புயலோ..." என்று வாயெடுத்தா. பொத்தானை இரண்டு தரம் அழுத்தினோம். ஒரு செக்கன்கூட இல்லை, சிவப்புப் புள்ளி ஓடத் தொடங்கிவிட்டது.

அம்மம்மா போனைப் பார்த்தா. தன் சீலையைப் பார்த்தா.

"பொறுங்கோ பிள்ளையள், சீலை மாத்திக்கொண்டு வாறன்."

நாற்பது நிமிடம் இருந்தோம்.