ஒற்றைத் தெரு ஊர்கள்

நம்மவர் ஊர்களைப் பற்றி எழுதப் புகுந்தால் கோயிலையோ குளத்தையோ நடுவில் வைத்தே எழுதுவர். சப்ரகமுவ மாகாணத்திலோ, தொழிற்சாலையை நடுவில் வைத்து எழுத வேண்டிய ஊர்கள் பல உள்ளன. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை என்பன அவற்றுட் சில. பழைய கிராமப் பெயர்களைத் தாங்கியிருப்பினும், இவற்றுக்கு இன்றைய உருவத்தைத் தந்தவை தோட்டங்களே. முதலில் கோப்பி வந்தது. 1869ஆம் ஆண்டு கண்ட இலைநோய் அதனைத் தின்று தீர்த்தது. பின்னர் மேட்டில் தேயிலையும் தாழ்வில் றப்பரும் ஏறின.

இப்பொருள்களைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல அமைத்ததே களனிப் பள்ளத்தாக்குப் புகையிரதப் பாதை. ஏனைய பாதைகளுட் பெரும்பாலானவை ஐந்தரை அடி அகலமாயிருக்க, இது அமைத்தபோது இரண்டரை அடி அகலமே கொண்டிருந்தது. 1902இல் அவிசாவளைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் சென்று, பின்னர் ஓபநாயக்கா வரை நீண்டது. எட்டியாந்தோட்டைக் கிளை இரண்டாம் உலக யுத்தக் காலத்திலேயே மறைந்தது. அவிசாவளைக்கு அப்பாற்பட்ட பகுதி 1970களில் கைவிடப்பட்டது. வண்டி போய்விட்டது, அது வளர்த்த கடைத்தெருக்கள் போகவில்லை.

இத்தெருக்களில் நடப்பது எனக்குப் பெருவிருப்பம். பெரும்பாலும் ஒரே வீதிதான். இருமருங்கும் பழைய மாடிக்கடைகள்: கீழே வியாபாரம், மேலே குடியிருப்பு. துணிக்கடை, அடகுக்கடை, ஒட்டுப்பால் வாங்கும் கடை, சற்றே ஒதுங்கினாற்போல் தவறணை. சம்பள நாளில் இங்கே கால் வைக்க இடமிராது. மற்ற நாள்களில் நாய்கள் நிம்மதியாக உறங்கும். சிங்களமும் தமிழும் ஒரே வாயிலிருந்து மாறிமாறி வருவதைக் கேட்கலாம். நுவரெலியாப் பக்கம் தோட்டத்தை அடுத்துத் தோட்டமே கிடக்கும். இங்கோ தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே சிங்களக் கிராமங்கள் இருப்பதால் வந்த பழக்கம் இது. அந்த அயல் எந்நாளும் இனிதாயிருந்தது என்று சொல்வதற்கில்லை. 1977இலும் 1983இலும் வீடிழந்து வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் போனவர்கள் இப்பகுதியிலும் உண்டு.

தெருவை விட்டுத் தோட்டத்துக்குள் ஏறினால், கட்டிடங்களே ஒரு கணக்கைச் சொல்லும். காற்றும் காட்சியும் உள்ள முகட்டிலே துரை பங்களா. அதற்குக் கீழே கண்டாக்கு, கணக்கப்பிள்ளை முதலியோரின் வீடுகள். ஓடையருகே தொழிற்சாலை, நம்மவர் வாயில் அது ‘ஸ்டோர்’. எஞ்சிய சரிவில் லயங்கள். ஒருவர் உத்தியோகத்தை அறிய அவர் வாசல் எத்தனையாவது படியில் இருக்கிறது என்று பார்த்தாலே போதும்.

ஸ்டோரின் அழகை நான் மறுக்கமாட்டேன். மேல்மாடிகளில் வரிசை வரிசையாகச் சாளரங்கள். கொழுந்து வாடுவதற்குக் காற்று வேண்டுமென்பதால் வந்தவை அவை. றப்பர் ஸ்டோரோ தாழ்ந்தது, ஈரமானது. விடியற்காலையில் வெட்டிய பால் வாளிகளில் வந்து, அமிலத்தால் உறைந்து, உருளைகளில் தகடாகிப் புகைவீட்டில் தொங்கும். ஆகவே புகைவீட்டுக்குச் சாளரமே வேண்டியதில்லை. கூரைத் துவாரமே போதும். அலங்காரத்துக்கென்று யாரும் ஒரு செங்கல்லும் வைக்கவில்லை. வேலையே கட்டிடத்தின் முகத்தை வரைந்திருக்கிறது. அவ்வியந்திரத்துக்கும் நம்மவர் ஒரு சாமியைக் கண்டார்கள். ரோதைமுனி என்று பெயரிட்டுப் படையல் வைத்தார்கள். கையை விழுங்கவல்ல சக்கரத்தை வணங்கியதில் வியப்பென்ன?

அமெரிக்க நாட்டில் இதற்கொரு தமையன் உண்டு. சிக்காகோவுக்கு அருகே 1880களில் ஜோர்ஜ் புல்மன் என்னும் புகையிரதப் பெட்டி முதலாளி தன் பெயராலேயே ஓர் ஊர் கட்டினார். செங்கல் வீட்டு வரிசைகள், மணிக்கூட்டுக் கோபுரம், சந்தை, நூலகம் யாவும் கம்பனியுடையவை. கூலியைக் குறைத்தவர் வீட்டு வாடகையைக் குறைக்கவில்லை. 1894இல் பெரிய வேலைநிறுத்தம் மூண்டது. 1898இல் இல்லினோய் உயர்நீதிமன்றம், தொழிலுக்கு வேண்டாத குடியிருப்புகளை விற்றுவிடும்படி கம்பனிக்குக் கட்டளையிட்டது. வீடுகள் தனியார் கைக்கு வந்தன. அங்கே ஒரு தலைமுறைக்குள் முடிந்த வழக்கு இங்கே தலைமுறை தலைமுறையாக நீள்கிறது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் சென்றது. காம்பிரா மட்டும் குடியிருப்பவன் பேருக்கு வரவில்லை.

காம்பிரா என்றால் அறியாதவர்க்குச் சொல்கிறேன். பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய அளவு. முன்னே ஓர் இஸ்தோப்பு. சிலவற்றில் பின்சுவருக்கு அப்பால் முதுகொட்டி இன்னொரு குடும்பம். ஆகவே பின்கதவு கிடையாது, குறுக்கே ஓடும் காற்றுக் கிடையாது. கொழுந்து வாட எத்தனை சாளரம் வேண்டுமென்று கணக்கிட்டவர்கள், பறித்தவள் உறங்கும் அறைக்கு அந்தக் கணக்கைப் போடவில்லை.

பழைய பங்களாக்கள் சில இன்று உல்லாசப் பயணிகளுக்கு விடுதிகளாகிவிட்டன. நல்ல வாடகை என்று கேள்வி. லயங்களுள் ஒன்றையாவது இடிக்காமல் பேணவேண்டும் என்பது என் கருத்து. பங்களாவை மாத்திரம் பார்ப்பவன் பாதிச் சரித்திரத்தையே பார்க்கிறான். கேகாலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் தொங்கல் காம்பிராவிலே அறுபது ஆண்டு வாழ்ந்த என் அத்தையிடம் இதைச் சொன்னேன்.

“பேணுவதென்றால் யார் அதில் இருப்பது? நீ இருப்பாயா, தம்பி?” என்றார்.

“ஒருவரும் இருக்கவேண்டாம், அத்தை. வந்து பார்ப்பதற்குத்தான்.”

“பார்க்கட்டும். ஆனால் மாரி காலத்தில், இராத்திரியில் வந்து பார்க்கச் சொல்.”

அவர் சொன்னதில் பகடி மட்டும் இல்லை. 2016ஆம் ஆண்டு மே மாதத்து மழையில் புளத்கொஹுபிட்டியவில் லயங்களின்மேல் மண் சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. அதன்பின் மழை வலுத்த இரவுகளில் அவர் உறங்குவதில்லை; பின்சரிவின் ஓசையையே கேட்டுக்கொண்டிருப்பாராம்.

இப்போது அவருக்கு ஏழு பேர்ச் காணியிலே தனிவீடு கிடைத்திருக்கிறது. நான் போனபோது, யாரும் வரைந்து கொடுக்காத ஒரு மாற்றத்தை அவரே செய்துகொண்டிருந்தார். பின்புறச் சுவரில் ஒரு கதவு. கதவுக்கு அப்பால், பழைய லயத்தின் தகரத்தையே கூரையாகப் போட்ட ஒரு சிறிய அடுப்படி. முன்வாசலில் தேநீர் தந்துவிட்டு, அந்தப் பின்கதவு வழியாக என்னைப் புகவிட்டு இரண்டு முறை உள்ளும் வெளியும் நடத்திக் காட்டினார்.