அளவு கையில் இருக்கிறது

பிஸ்கட் என்றதும் எமக்கு நினைவுக்கு வருவது கடையில் வாங்கும் பைக்கற்தான். விருந்தாளி வந்தால் தேநீரோடு தட்டில் வைப்போம். அத்தோடு சரி. ஆனால் இத்தாலியின் பலெர்மோ நகரில் 14 வருடங்களாக வீட்டு வேலை செய்துவரும் எனக்கு, அது பெண்களின் கைப்பக்குவமாகவே தெரிகிறது.

'பிஸ்கொத்தோ' என்ற இத்தாலியச் சொல்லுக்கு 'இரு தடவை வெந்தது' என்பதே மூலப் பொருள். ஈரம் முழுவதும் போனால் பண்டம் பழுதாகாது அல்லவா? டஸ்கனிப் பகுதியின் 'கன்டூச்சி' இன்றும் அப்படித்தான் செய்யப்படுகிறது. பாதாம் பருப்பைத் தோலோடு மாவில் சேர்த்து, நீளமாக உருட்டிப் போறணையில் வைத்து, வெந்ததும் துண்டுகளாக வெட்டி மீண்டும் வைப்பார்கள். ஏனைய பல வகைகள் ஒரே தடவைதான் வேகின்றன.

எந்த ஊரில் எது விளைகிறதோ அதுவே அந்த ஊர்ப் பிஸ்கட்டில் இருக்கும். வடக்கே பியமோந்தேயில் ஹேசல் பருப்பு. வெனிஸ் பக்கம் மஞ்சள் சோள மா. வெனிஸுக்கு அருகிலுள்ள புரானோ தீவில், கடலுக்குப் போகும் கணவன்மாருக்காக மீனவப் பெண்கள் வளையம் போன்ற பிஸ்கட்டைச் சுட்டுக் கொடுத்தார்கள் என்பார்கள். நான் வாழும் சிசிலித் தீவிலோ எள்ளு! எள்ளுக்கு இங்கு 'ஜுஜ்ஜுலேனா' என்று பெயர். அது அரபுச் சொல்லிலிருந்து வந்தது. நல்லெண்ணெயை ஆங்கிலத்தில் 'ஜிஞ்ஜெலி' எண்ணெய் என்கிறோமே, அதற்கும் அதே சொல்தான் வேர்.

ஆனால் சகோதரிகளே, ஒன்றைக் கவனித்தீர்களா? பியமோந்தேயின் 'குருமிரி' பிஸ்கட்டை 1878இல் உருவாக்கியவர் தொமெனிக்கோ ரோஸி என்று பெயரோடு சொல்கிறார்கள். புரானோப் பெண்களின் பெயர் யாருக்குத் தெரியும்?

சிசிலியின் எரிச்சே ஊரில் மரியா கிராமட்டிக்கோ என்ற பெண்ணின் கதை வேறு. தந்தையை இழந்த வறுமையில், 11 வயதில் சான் கார்லோ கன்னியர் மடத்தில் விடப்பட்டார். அங்கு பாதாம் இனிப்புகள் செய்து விற்றார்கள். செய்முறையோ இரகசியம். வேலை வாங்கினார்களே தவிர யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அந்தச் சிறுமி பார்த்துப் பார்த்தே மனதில் பதித்துக் கொண்டார். பின்னர் வெளியே வந்து அதே ஊரில் சொந்தக் கடை திறந்தார். அவரது வாழ்க்கையும் செய்முறைகளும் 1994இல் ஆங்கிலத்தில் நூலாக வந்தன. சீதனமாக எதுவும் கிடைக்காத பெண்ணுக்குக் கைத்தொழிலே முதலாயிற்று.

நான் பராமரிக்கும் பாட்டியம்மாவுக்கு இப்போது 86 வயது. எள்ளு பிஸ்கட் செய்வதில் கெட்டிக்காரி. மாவைப் பிசைந்து, விரலளவு உருட்டி, நனைத்து, எள்ளில் புரட்டி, பொன்னிறமாகச் சுட்டெடுப்பார். அளவைக் கேட்டால், "அது என் கையில்தானே இருக்கிறது!" என்று சிரிப்பார். அந்தக் கை நடுங்கத் தொடங்கியபோது எனக்குப் பயம் வந்தது. அவர் அள்ளும் ஒவ்வொரு பிடியையும் பாத்திரத்தில் போடுமுன் தராசில் நிறுத்து, கொப்பியில் தமிழில் குறித்துக் கொண்டேன். பிறகு நானே செய்து கொடுக்க, ஒன்றைக் கடித்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் சிவக்க வேண்டும்" என்றார். அதையும் எழுதினேன்.

போன நத்தாருக்கு மிலானோவிலிருந்து அவரது மகள் தொலைபேசியில் அளவு கேட்டார். தாயின் பக்குவத்தை மகளுக்கு என் தமிழ்க் கொப்பியைப் பார்த்து வாசித்துக் காட்டினேன்.

உங்கள் வீட்டிலும் பயற்றம் பணியாரமோ தொதலோ கைவந்த ஒருவர் இருப்பார். "கண்ணளவுதான் பிள்ளை" என்று அவரும் சொல்வார். அடுத்த தடவை அவர் அடுப்படிக்குப் போகும்போது, ஒரு தராசையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய் உட்காருங்கள். முதல் பக்கத்தில் அவரது பெயரை எழுத மறவாதீர்கள்.