மோதிரம் போன பாதை

கல்யாணமான 41-ஆவது நாள். மாமனார் போட்ட அரைப் பவுன் மோதிரம் சோப்பு நுரையோடு வாஷ்பேசினுக்குள் போய்விட்டது. சல்லடையைப் போன வாரம் கழற்றி வைத்த புண்ணியவான் நானேதான். மனைவி ஊரில். அவள் திரும்பி வருவதற்குள் மோதிரம் விரலில் இருந்தாக வேண்டும்!

எங்கள் ஏரியா கழிவுநீர் போய்ச் சேரும் கோயம்பேடு சுத்திகரிப்பு நிலையத்தில் சிநேகிதன் ஒருவன் இன்ஜினீயர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கர்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனேன்.

முதலில் கம்பிச் சல்லடை. துணி, பிளாஸ்டிக் பையெல்லாம் அங்கேயே நின்றுவிடும். அடுத்து மணலைப் பிரிக்கும் தொட்டி. அதையும் தாண்டினால் வட்டமாக ஒரு பெரிய தொட்டி. அங்கேதான் அரை மணி நேரம் நின்றேன். தண்ணீர் நடுவில் வந்து, ஓரத்துக்கு நகர்ந்து, பல் பல்லாக வெட்டிய விளிம்பில் வழிகிறது. சத்தமே இல்லை.

"என்னடா, ஒண்ணுமே நடக்கலையே?"

"அதான்டா வேலை! ரெண்டு மணி நேரம் தண்ணியை நிதானமா விடறோம். கனமானது தானா அடியில உட்காருது. எண்ணெய், கொழுப்பு மேல மிதக்கும், வழிச்சு எடுத்துடுவோம்."

மருந்து கிடையாது, பாட்டி காலத்துத் தேத்தாங்கொட்டைகூடக் கிடையாது. கலங்கித் திரியும் திடப்பொருளில் பாதிக்கு மேல் இங்கேயே இறங்கிவிடுகிறது. சூட்சுமம் ஆழத்தில் இல்லை, பரப்பில். தண்ணீர் மணிக்கு ஒன்றரை மீட்டர் மேலே ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட வேகமாக இறங்கும் துகள் மாட்டிக்கொள்ளும். தொட்டி அகலமானால் தண்ணீர் இன்னும் மெதுவாக ஏறும். இன்னும் பொடிசும் மாட்டும். ஆலன் ஹேசன் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1904-லேயே இதை எழுதிவிட்டார்.

அடியில் தங்கிய சேற்றை ஒரு நீண்ட கை நடுக்குழிக்குத் தள்ளுகிறது. மணிக்கு ஓரிரண்டு சுற்றுதான். (எங்கள் ஆபீஸ் ஃபைல் தேவலை!) அந்தச் சேற்றை மூடிய தொட்டியில் மக்கவைத்து, வரும் வாயுவில் மின்சாரம் எடுக்கிறார்கள். கரைந்துபோன அழுக்கு மட்டும் உட்காராது. அதைத் தின்ன அடுத்த தொட்டியில் பாக்டீரியாக்கள் காத்திருக்கின்றன.

"சரிடா, என் மோதிரம்?"

சிரித்தான். "தங்கம் தண்ணியைவிட 17 மடங்குக்கு மேல கனம். இங்கே தூசு தும்பே உட்காருது, அது இவ்வளவு தூரம் வருமா? பேசினுக்குக் கீழே வளைஞ்ச குழாய் இருக்கே, அதைக் கழற்றிப் பாரு, போ!"

அன்று ராத்திரி கழற்றினேன். முதலில் தலைமுடி உருண்டை, பிறகு ஒரு பேஸ்ட் மூடி, எல்லாவற்றுக்கும் அடியில் மோதிரம்.

மாமனாரிடம் இன்னும் சொல்லவில்லை. (அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை என்கிற தைரியம்தான்!)